நிறங்களின் சாட்சியம்

போரை நடத்துவோர் அதனை நாட்களாலும் எண்களாலும் நினைவில் வைக்கின்றனர். போரின் நடுவே வளர்ந்த பிள்ளைகளோ அதனை நிறங்களால் நினைவில் வைக்கின்றனர். எந்தப் படை எந்தப் பாலத்தைக் கடந்தது என்பது ஏழு வயதுச் சிறுவனுக்குத் தெரியாது. குண்டு விழுந்த திசையில் நண்பகல் வானம் கறுத்துப்போனது அவனுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவன் தன் இளமைக் காலத்தை எழுத அமரும்போது, அந்தக் கருமைதான் முதலில் வந்து நிற்கிறது. அது வந்து நின்ற பின்னரே அதற்கு ஒரு பொருளை அவன் தேடத் தொடங்குகிறான்.

இவ்விடத்தில் ஓர் அறவினா எழுகிறது. சிறுவன் கண்ட நிறத்தை முதியவன் குறியீடாக மாற்றலாமா? கருமையைத் துயரம் என்றும், செம்மையைக் கொடுமை என்றும், வெண்மையைத் தூய்மை என்றும் அவன் எழுதும்போது, உண்மையை விளக்குகிறானா, அல்லது உண்மையின்மேல் சாயம் பூசுகிறானா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது இலக்கிய உத்தி பற்றிய வினாவாகவே தோன்றும். கெடா மாநிலத்துத் தோட்டங்களில் 1941 முதல் 1945 வரை வாழ்ந்த தமிழரின் நினைவுகளோடு சேர்த்து நோக்கினால், இறந்தோர்க்கு இருப்போர் செலுத்த வேண்டிய கடன் பற்றிய வினா இது என்பது புலனாகும்.

போர்ப்பூவும் வெண்ணிலவும்

போருக்கு நிறம் சூட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணைகளை வகுத்தபோது போரின் படிநிலைகளுக்குப் பூக்களின் பெயர்களையே வைத்தது. ஆநிரை கவரச் செல்வோன் செந்நிற வெட்சியைச் சூடினான். இரு வேந்தரும் நேர்நின்று பொருதபோது வெண்ணிறத் தும்பையைச் சூடினர். வென்றவனுக்கு வாகை. பூவைக் கண்ட அளவில் போரின் நிலை விளங்கிற்று. பழந்தமிழில் நிறம் என்னும் சொல்லுக்கே வண்ணம் என்பதோடு மார்பு என்னும் பொருளும் உண்டு. பகைவனின் வேல் பாயும் இடமும் நிறமே. ஒரே சொல்லில் அழகும் காயமும் அடங்கியிருப்பது எண்ணத் தக்கது.

ஆயினும் இந்தப் பூக்கள் எல்லாம் போரிடச் சென்றோர் தாமே தேர்ந்து சூடிக்கொண்டவை. போரைத் தேராமலே அதில் அகப்பட்டுக்கொண்டோர்க்குச் சூட ஒரு பூ வகுக்கப்படவில்லை. வேந்தன் தும்பை சூடிய நாளில் ஊர்ப்பிள்ளை எதைச் சூடிற்று என்று இலக்கணம் கூறவில்லை.

இலக்கணம் கூறாததை ஒரு சிறு செய்யுள் கூறியது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டனர். பாரி மாண்டான். அவன் மகளிர் இருவரும் மலையை இழந்து வெளியேறினர். அவர்கள் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112-ஆம் பாட்டு, போர் கண்ட இளையோரின் நினைவுக் குறிப்பு எனத் தக்கது. ஐந்தே அடிகள். சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், மலையும் தங்களுடையதாயிருந்தது. இந்தத் திங்களின் வெண்ணிலவில் மலை பிறர் கைப்பட்டது, தந்தை இல்லை. அவ்வளவுதான் செய்தி.

அப்பாட்டில் நிலவின் வெண்மை துயரத்தின் குறியீடு என்று எங்கும் சொல்லப்படவில்லை. வெண்மை இரு முறையும் அதே வெண்மைதான். மாறியது நிலவின் கீழ் நின்ற குடும்பம். நிறத்தை மாற்றாமல் வைத்து, அதன் அருகே இல்லாமற்போனவரைக் காட்டியமையால் அந்த இழப்பு இன்றும் நெஞ்சைச் சுடுகிறது. நிலவு கறுத்தது, வானம் அழுதது என்று அம்மகளிர் கூறியிருந்தால், கேட்போர் நிலவைப் பார்த்திருப்பர், பாரியை மறந்திருப்பர். நிறத்தைக் கையாளும் நேர்மைக்கு இதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. இந்த அளவுகோலைக் கையில் ஏந்திக் கெடாவுக்கு வரலாம்.

மாறிய கொடிகள், மாறாத பசி

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென்சயாமின் கடற்கரையிலும் இறங்கின. அன்றே சுங்கைப்பட்டாணி விமானத் தளம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. ஜித்ராவில் பிரித்தானியப் படை அமைத்திருந்த அரண் டிசம்பர் 13-க்குள் குலைந்தது. அலோர்ஸ்டார் கைவிடப்பட்டது. குரூணில் நிகழ்ந்த சண்டையும் ஓரிரு நாட்களில் முடிந்தது. பத்து நாட்களுக்குள் ஒரு மாநிலமே கைமாறிற்று. அசைக்க இயலாதவர் என்று எண்ணப்பட்ட வெள்ளைத் துரைமார் பங்களாக்களைப் பூட்டிக்கொண்டு தெற்கே சென்றதைத் தோட்டத்துப் பிள்ளைகள் செம்மண் சடக்கின் ஓரத்தில் நின்று பார்த்தனர்.

அதன்பின் அந்தப் பிள்ளைகள் கண்ட கொடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்தானியக் கொடி இறங்கி, வெண்ணிலத்தில் செவ்வட்டம் கொண்ட ஜப்பானியக் கொடி ஏறிற்று. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், காவியும் வெள்ளையும் பச்சையுமான மூவண்ணம் தோட்ட மக்களின் நெஞ்சில் புதியதொரு கிளர்ச்சியை எழுப்பிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஜப்பான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் சயாமுக்கு அளித்தது. அக்டோபரில் ஆட்சி கைமாறியபோது சிவப்பும் வெள்ளையும் நீலமுமான மற்றொரு மூவண்ணக் கொடி கெடாவில் ஏறிற்று. 1945 செப்டம்பரில் பிரித்தானியர் திரும்பினர். பழைய கொடியும் திரும்பிற்று.

நான்கே ஆண்டுகளுக்குள் இத்தனை கொடிகளைக் கண்ட பிள்ளைக்கு வண்ணங்களின் பொருளை யார் கற்பிக்க இயலும்? சிவப்பு வீரம் என்றால், எவருடைய வீரம்? வெள்ளை அமைதி என்றால், அந்த வெள்ளை ஏறக்குறைய எல்லாக் கொடிகளிலும் இருந்ததே! கம்பத்தில் நிறங்கள் மாறின, அடுப்பில் மாற்றமில்லை. நெல் விளையும் கெடாவிலேயே தோட்டத்து மக்களுக்கு அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை உணவாயிற்று.

தோட்டத்துப் பிள்ளையின் உலகில் வெண்மை என்பது முதலில் பால்மரத்தின் வெண்மையே. விடியுமுன் தாய் சீவிய பட்டையிலிருந்து மங்கில் சொட்டிய பாலே குடும்பத்தின் சோறு. மேலைநாட்டுச் சந்தை அற்றுப்போனதும் பால் வெட்டு பெரும்பாலும் நின்றது. மங்குகள் கவிழ்ந்து கிடந்தன. நிரைகளுக்கிடையே புதர் மண்டிற்று. பச்சை செழிப்பின் நிறம் என்று புலவர் பாடுவர்; கவனிப்பாரற்ற தோட்டத்தில் மண்டிய அந்தப் பச்சையோ வேலை போனதன் அடையாளம். துணிக்கும் பஞ்சம் வந்தது. வேட்டியும் புடவையும் கிழிந்தபின் கோணிச்சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினர். மானத்தை மறைத்த அந்தப் பழுப்பு நிறத்துக்கு எந்தக் கவிதை மரபிலும் பொருள் கூறப்படவில்லை.

குங்குமமா, வெள்ளையா?

இத்துயரங்கள் யாவினும் கொடியது சயாம் இரயில் பாதை. நோங் பிலாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. கெடா சயாமின் கொடிக்கீழ் வந்ததும் அதே மாதத்தில்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களினும் பன்மடங்கு மிகுதியான ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைக்க வைக்கப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது போருக்குப் பிந்திய மதிப்பீடு. அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி என்ற ஆசைவார்த்தை சிலரை இழுத்தது. பலர் பலவந்தமாக ஏற்றப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் விழுங்கின.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். பசும்புல் விரித்த அந்நிலத்தில் வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள் உள்ளன. படைவீரனுக்கு எண் இருந்தது, பட்டியல் இருந்தது. ஆகவே கல்லறையும் கிடைத்தது. பெயர் பதியப்படாத தொழிலாளி எங்கே விழுந்தானோ அங்கேயே காட்டுக்குள் புதையுண்டான், அல்லது எரிக்கப்பட்டான்.

பட்டியல் இல்லை என்பதன் விளைவு லயத்து வீட்டில் எப்படி இருந்தது? கணவன் சயாமுக்குப் போனான். போர் முடிந்தது. சிலர் எலும்புந் தோலுமாகத் திரும்பினர். அவன் திரும்பவில்லை. இறந்தான் என்று எழுதித் தருவார் இல்லை. இறந்ததைக் கண்டேன் என்று உறுதி கூறுவாரும் பல வேளைகளில் இல்லை. இந்நிலையில் அவன் மனைவி எந்த நிறத்தில் நிற்பது? நெற்றியில் குங்குமச் சிவப்பைத் தொடர்வதா? வெள்ளைப் புடவைக்கு மாறுவதா?

அன்றைய வழக்கத்தில் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நிறம் இல்லை. குங்குமத்தைத் தொடர்ந்தால், செத்தவனுக்குப் பொட்டு வைத்துக்கொள்கிறாள் என்று ஊர் பழிக்கும். வெள்ளையை உடுத்தினால், உயிரோடிருக்கக்கூடியவனைத் தன் கையாலேயே சாகடித்தவள் ஆவாள். அவள் வெள்ளையை உடுத்தும் நாளே அவன் இறந்த நாள் ஆகும். வேறு எந்த அலுவலகமும் தராத இறப்புச் சான்றிதழை ஒரு முழத் துணி தந்துவிடும். தாய் எந்தப் புடவையை எடுத்தாள் என்பதை அருகே நின்று பார்த்த பிள்ளைக்கு, தந்தை இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அந்த நிறமே விடை.

நிறக்குறியீடு அறவியல் வினாவாகும் இடம் இதுவே. ஒரு சமுதாயம் நிறத்துக்கு நிலையான பொருளைக் கட்டிவிட்டால், அந்தப் பொருளுக்குள் அடங்காத வாழ்வு வாழ்வோர்க்கு நிற்க இடம் இல்லாமற்போகும். வெள்ளை கைம்மைக்குரியது, சிவப்பு மங்கலத்துக்குரியது என்று முடிவு செய்துவிட்ட வழக்கம், காத்திருத்தலுக்கு ஒரு நிறத்தை ஒதுக்க மறந்தது. பின்னாளில் அந்தப் பிள்ளை நினைவை எழுதும்போது, ‘அம்மாவின் வெள்ளைப் புடவை அவளுடைய தூய்மையின் சின்னம்’ என்று ஓர் அழகிய வரியை எழுதிவிடலாம். அந்த வரி அவள் பட்ட பாட்டை மூடிவிடும். ‘இரண்டு ஆண்டு அம்மா வெள்ளை உடுத்தவில்லை. பிறகு ஒரு நாள் உடுத்தினாள். அன்று வீட்டில் சமைக்கவில்லை’ என்று எழுதினால், பாரி மகளிரின் நேர்மை அவ்வெழுத்தில் இருக்கும்.

குறியீடு இன்றி இலக்கியம் உண்டா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானது. கண்டதைக் கண்டபடியே அடுக்கினால் அது காவல் நிலைய வாக்குமூலம் ஆகுமேயன்றி இலக்கியம் ஆகுமா? அந்தக் காலத்தைக் காணாத தலைமுறைக்கு அதன் வலியை உணர்த்தக் குறியீடு வேண்டாவா? சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ முதலிய நாவல்கள், இறந்தோர் எண்ணிக்கையை அறிவிப்பதோடு நில்லாமல் ஒரு காலத்தையே எழுப்பிக் காட்டியதனால் அன்றோ மலேசியத் தமிழர் அப்பாதையை மறவாதிருக்கின்றனர்?

மறுப்பு ஏற்கத் தக்கதே. குறியீட்டைத் துறக்க வேண்டும் என்பது இங்கே வாதம் அன்று. குறியீடு எங்கிருந்து வருகிறது என்பதே வினா. எலி வீசல் பதினைந்து வயதில் 1944-இல் நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அவர் தம் அனுபவ நூலுக்கு ‘இரவு’ என்று பெயரிட்டார். 1958-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நூலின் தலைப்பு முழுவதும் கருமைதான். ஆயினும் அக்கருமை அகராதியிலிருந்து எடுத்ததன்று. முகாமில் கழிந்த முதல் இரவு உண்மையாகவே நிகழ்ந்தது. அதன்பின் வந்த பகல்களும் அவர்க்கு அந்த இரவாகவே நீண்டன. அங்கே வாழ்வே குறியீட்டைப் பெற்றது. யூதர் மீது திணிக்கப்பட்ட மஞ்சள் விண்மீனும் அத்தகையதே. தமிழர் வீட்டில் மஞ்சள் தாலிக்கயிற்றின் நிறம். தைப்பூசத்தில் நேர்த்திக்கடன் செலுத்துவோர் உடுத்தும் நிறம். அதே மஞ்சள் ஐரோப்பாவில் ஒரு பிள்ளையைத் தெருவில் தனியே பிரித்துக் காட்டும் முத்திரையாயிற்று. மஞ்சளுக்கு இயல்பிலேயே ஒரு பொருள் இருந்திருந்தால் இது நிகழ்ந்திராது. நிறத்துக்கு மனிதனே பொருள் தருகிறான். ஆகவே தந்த பொருளுக்கு அவன் பொறுப்பாளியும் ஆகிறான்.

அந்தப் பொறுப்பை மறந்தால் என்ன நேரும் என்பதை ஈரானிய எழுத்தாளர் மர்ஜான் சத்ராபியின் ‘பெர்செபொலிஸ்’ காட்டுகிறது. ஈரான், ஈராக் போர்க்காலத்துச் சிறுமியின் நினைவுகளைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாலேயே கூறும் நூல் அது. 2000-ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்தது. போரில் மாண்டால் சுவர்க்கம் திறக்கும் என்று கூறி, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவிகள் கொடுக்கப்பட்ட செய்தி அதில் இடம்பெறுகிறது. பெரியவர் பூசிய பொன்னிறம் சிறுவனைச் சாவுக்கு அனுப்பிற்று. குன்றிமணியின் உடல் சிவந்திருந்தாலும் மூக்குக் கறுத்திருப்பதைக் காட்டி, புறத்தே செம்மையும் அகத்தே இருளும் உடையோரை வள்ளுவர் இடித்துரைத்தார். அந்தச் சாவிக்கு அக்குறள் முற்றும் பொருந்தும். தான் கண்ட நிறத்தைச் சிறுவன் சொல்வது சாட்சியம். தாம் விரும்பிய நிறத்தைச் சிறுவனின் கழுத்தில் கட்டுவது ஏய்ப்பு. நினைவு எழுதுவோர் இந்த எல்லையை அறிந்திருத்தல் வேண்டும்.

பகைவர்க்கும் பிள்ளைகள் உண்டு

நிறக்குறியீட்டில் மற்றொரு தீமையும் உண்டு. அது ஓர் இனம் முழுவதையும் ஒரே வண்ணத்தால் மூடிவிடும். கெடாத் தோட்டத்தில் செவ்வட்டக் கொடியைக் கண்டு நடுங்கிய பிள்ளைக்கு அந்தச் சிவப்பு வாழ்நாள் முழுதும் அச்சமாகவே இருந்திருக்கலாம். அதில் குற்றமில்லை. அந்த அச்சத்தை அடுத்த தலைமுறைக்கு வெறுப்பாகக் கைமாற்றுவதே குற்றம்.

அதே செவ்வட்டக் கொடியின் கீழ் ஹிரோஷிமாவில் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டின் ஒளியைக் கண்டனர். பிறகு வானத்திலிருந்து கரிய மழை பெய்தது. அன்று ஆறு வயதுச் சிறுவனாயிருந்து, தந்தையையும் உடன்பிறந்தாரையும் இழந்த நாகசாவா கெய்ஜி, பின்னாளில் ‘வெறுங்கால் கென்’ என்னும் சித்திரக் கதையில் அந்நாளை வரைந்தார். தம் நாட்டை ஆண்ட போர்வெறியரையும் அவர் அதில் மன்னிக்கவில்லை. அவருடைய கரிய மழையும் தோட்டத்துப் பிள்ளையின் செவ்வட்டமும் ஒரே போரின் சாட்சியங்கள். ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குச் செவி மூடுவது நீதியாகாது.

தமிழர் தம் வரலாற்றையும் இவ்வாறே நோக்க வேண்டும். கெடா பழைய கடாரம். ஏறத்தாழ 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை இக்கரைக்கு வந்தது. கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தில் தமிழர் இன்றும் பெருமை கொள்கின்றனர். வென்ற நகரங்களின் மணி பதித்த வாயில்களை அவன் மெய்க்கீர்த்தி ஒளிவீசப் பேசுகிறது. அவ்வாயில்களின் உள்ளே நின்ற பிள்ளை அன்று எந்த நிறத்தைக் கண்டது என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஜப்பானியர் காலத்தில் தமிழர் எழுப்பும் வினாவைச் சோழர் காலத்திலும் எழுப்பத் துணிவோர்க்கே, அந்த வினாவை எழுப்பும் உரிமை முழுமையாக வாய்க்கிறது.

கேட்க வேண்டிய வினா

பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் பாடம் நடக்கும்போது, வெள்ளை தூய்மை, சிவப்பு வீரம், கறுப்புத் துக்கம், பச்சை வளமை என்று மாணவர் மனப்பாடமாக எழுதுகின்றனர். மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஒரு பொருளையும் உற்றுப் பாராமலே பொருள் கூறும் பழக்கம் இவ்வாறு தொடங்குகிறது. பொருளின் தோற்றத்தோடு நின்றுவிடாமல் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த வழி. கண் முதலில் காண வேண்டும். நாவு பிறகுதான் பேச வேண்டும்.

1941-இல் பத்து வயதாயிருந்தவர்க்கு இன்று வயது தொண்ணூற்றைக் கடந்திருக்கும். பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்துள்ளன. லயத்து வீடுகளோடு சேர்ந்து அவற்றின் நினைவுகளும் கலைகின்றன. எஞ்சியிருக்கும் முதியோரை அணுகி எழுதிக்கொள்ளக் காலம் மிகக் குறைவாகவே உள்ளது.

அவர்கள் அருகே அமரும் பேரப்பிள்ளை, ‘தாத்தா, அந்தக் கொடுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டியதில்லை. அதற்கு விடையாக மேடையில் கேட்ட சொற்களே திரும்பி வரும். ‘உங்கள் அப்பா லாரியில் ஏறியபோது என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?’ என்று கேட்கலாம். முதியவர் கண்ணை மூடிச் சற்றே மௌனமாயிருப்பார். நினைவுக்கு வந்தால் சொல்வார். வராவிட்டால் வரவில்லை என்பார். இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையோ கல்லறையோ இல்லாத ஒருவருக்கு, அவர் மகன் கடைசியாகக் கண்ட சட்டையின் நிறமாவது ஏட்டில் இருக்கட்டும்.